முப்பது விநாடிக் குரல்

என் முகம் உங்களுக்குத் தெரியாது.
குரல் தெரிந்திருக்கும்:
அறுவடை இயந்திரம், மூட்டுவலிக் களிம்பு,
இரட்டைப்படை ஆண்டுகளில் தேர்தல்.

இந்த முறை
செனட்டர் லோவல் ருஸ்டாடுக்கு எதிராக.
ஒரு தாள், எழுபத்தோரு சொல்.
"நாற்பத்திரண்டு முறை
வாக்களிக்க வரவில்லை ருஸ்டாட்.
எங்கே போயிருந்தார்?"

எங்கே போயிருந்தார் என்பது
தாளில் இல்லை.
வடக்கு டகோட்டாவில் பாதிப் பேருக்குத் தெரியும்,
பக்கத்து மாநில மருத்துவமனையில்
மனைவியின் கட்டிலருகே
கோப்புகளை மடியில் வைத்துத் தூங்கியதும்
மே மாதம் அவள் போனதும்.
மீதிப் பாதிக்குத்தான்
நான் பேச வேண்டியிருந்தது.

"கேள்வியின் கடைசியில் குரலை ஏற்றாதே, இறக்கு"
என்றான் ஒலிப்பதிவு செய்த கர்ட்.
"பதிலை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்."
இறக்கினேன்.
நரம்பில்லாத நாக்கு என்று சொல்வார்கள்.
என் நாக்கில் நரம்பு இருந்தது,
வீட்டுக் கடனும் இருந்தது.

படத்துக்கு
அவர் தும்மப்போகும் நொடி ஒன்றைத் தேடி எடுத்தார்கள்.
கஞ்சி வடிப்பதுபோல்
நிறத்தை வடித்தார்கள்.
முகத்தில் எஞ்சியது
எவரும் கடன் கொடுக்கத் தயங்கும் ஒரு சாம்பல்.

அக்டோபர் முழுதும்
சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய லாரிகளின் வானொலியில்,
முடிதிருத்தும் கடையில்,
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி கிடந்தபோது
என் தலைக்கு மேலேயே
நான்.
மார்லிஸ் ஒவ்வொரு தடவையும்
தொலைக்காட்சியை அணைத்தாள்.
"இந்த வீட்டுக்கு
உங்களில் ஒருத்தர் போதும்."

ருஸ்டாடும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.
எதிராளி கோல்பெக்கின் திவாலான விதைக் கிடங்கை
நள்ளிரவுவரை காட்டினார்,
பூட்டு, துரு, பூட்டு.
அதற்கு வேறு ஆள்.
என்னைவிடக் கட்டைக் குரல்,
கொஞ்சம் அவசரக்காரன்.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு வாக்கு.
அவ்வளவுதான் வித்தியாசம்.
முன்னாள் வீரர்கள் மண்டபத்தில்
அவர் நன்றி சொன்னதைப் பார்த்தேன்,
ஒலியை அடக்கிவிட்டு.
யாரோ சாண்ட்விச் தட்டுகளை
மூட ஆரம்பித்திருந்தார்கள்.

டிசம்பரில், இரும்புச் சாமான் கடை.
"பதினாறுக்கு இருபது வடிகட்டி,
ஹீட்டருக்கு" என்றேன்.
அவ்வளவுதான் பேசினேன்.
வரிசையில் முன்னால் நின்றவர்
திரும்பினார்.
பறவைத் தீனி மூட்டை ஒன்றை
குழந்தையைப் போல் தோளில் சாய்த்திருந்தார்.
படத்தில் பார்த்ததைவிடச் சிவந்த முகம்.

தயாராக நின்றேன்.
இரண்டு மாதமாகத் தயாராகத்தான் இருந்தேன்,
சம்பளத்துக்குப் பேசுகிறவன்,
எழுதியது நானல்ல, இத்யாதி.

"'யாருக்காக உழைக்கிறார் வெட்ஸ்டைன்?'"
என்றார் ருஸ்டாட்.
எனக்குப் பிடிபடவில்லை.
"ஆறு வருஷம் ஆகிறது.
எமில் வெட்ஸ்டைன், எனக்கு முன்னால் இருந்தவர்.
நீங்கள்தான் கேட்டீர்கள்.
பணம் நான் கொடுத்தேன்."
மூட்டையை மறுதோளுக்கு மாற்றினார்.
"அதிலும்
கடைசியில் குரலை இறக்கினீர்கள்.
நன்றாக இருந்தது."

மறந்தே போயிருந்தேன்.
அதே அறை, அதே கர்ட்,
எச்சில் படாதிருக்க ஒலிவாங்கி முன் கட்டிய
அதே கறுப்புத் துணி.

"எமில் இறந்தபோது
அவர் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன்"
என்றார்.
அனுப்பினாரா என்று கேட்டிருக்கலாம்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
பனிக்குள் போனார்.
மூட்டையில் எங்கோ ஓட்டை,
வாசல்வரை தினை சிந்தியிருந்தது.

"வேறு ஏதாவது வேண்டுமா?"
என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
தலையை மட்டும் ஆட்டினேன்.